‘முதலில் ஹாலாகக் கட்டுவோம், பிறகு கோயிலாக மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கச் சமூகம்) செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு முன் 130 கத்தோலிக்கக் குடும்பங்கள்தான். தொழிற்சாலை வேலைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களோடு சேர்த்து இப்போது 600. ஆலயத்தில் 250 பேர் உட்காரலாம். மற்றவர்கள் ஷாமியானாவுக்குக் கீழே நின்று திருப்பலி காண்கிறார்கள். பக்கத்திலேயே 42 சென்ட் நிலம் இருக்கிறது. ஓர் ஒப்பந்தக்காரர், “சமுதாயக் கூடம் என்று அப்ரூவல் வாங்கிவிடுகிறேன், கட்டி முடித்ததும் கோயிலாக்கிக் கொள்ளுங்கள். திருவிழாவுக்கே அடிக்கல் நாட்டிவிடலாம். 12 லட்சம் முன்பணம் போதும்” என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் தரத் தயார். வாங்கலாமா? – பங்குப் பேரவைச் செயலர்

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். 12 லட்சம் வேண்டாம், 12 ஆயிரம்கூடக் கொடுக்காதீர்கள்.

சமுதாயக் கூடத்துக்கு வாங்கும் அனுமதி சமுதாயக் கூடத்துக்கு மட்டும்தான். பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ஊராட்சிப் பகுதிக்கு 1997ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலேயே இது இருக்கிறது. அதைச் சுற்றிப் போக ‘ஹால்’ என்று எழுதித் தருபவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. நாளைக்கு யாராவது ஒரு மனு போட்டால், மேலே சிலுவை வைத்த அன்றைக்கே சீல் வைக்க அதிகாரிக்கு நீங்களே காரணம் தந்துவிடுகிறீர்கள். அப்போது அந்த ஒப்பந்தக்காரர் போனை எடுக்கமாட்டார்.

நான் பார்த்த ஒரு பங்கில் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். கான்கிரீட் தூண்கள் எழும்பி, கூரைக்குச் செண்டரிங் அடிக்கும் நேரத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நான்கு மழைக்காலம் நீட்டிக் கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தே போயின. கூலி வேலை செய்யும் அம்மாக்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் தெருவாரியாகக் கூடும் சிறு குழு) மாதம் 100, 200 என்று போட்ட பணம் அது. அந்தத் துருக்கம்பியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, எங்கே தொடங்குவது? அடிக்கல்லில் அல்ல, ஆயரிடம் (பிஷப்). 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215ஆம் எண், ஆயரின் வெளிப்படையான எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் ஆலயம் எதுவும் கட்டக் கூடாது என்கிறது. அவர் குருக்கள் மன்றத்தையும் பக்கத்து ஆலயங்களின் பொறுப்பாளர்களையும் கேட்ட பிறகே இசைவு தர வேண்டும். கட்டவும் அதன்பின் வழிபாடு நடத்தவும் வேண்டிய பொருள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். “ஆயர் திருவிழாவுக்கு வந்தபோது சந்தோஷமாகத் தலையாட்டினார்” என்பது இசைவு ஆகாது. கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து நிலம். பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். மறைமாவட்டத்தின் (ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் இருந்தால் நல்லது. பல இடங்களில் எப்போதோ இருந்த பங்குத்தந்தையின் சொந்தப் பெயரில் பட்டா கிடக்கும். அவர் மாற்றலாகி, காலமாகி, உறவினர்கள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நின்ற கதைகள் உண்டு. இதைச் சரி செய்யாமல் வரைபடம் போடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம்தான் ஆட்சியருக்கு மனு. பழைய ஆலயம் அங்கேயே இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பதிவேடு, பழைய மின் கட்டண ரசீது, வீட்டுவரி ரசீது, திருவிழாவுக்குப் போலீசிடம் வாங்கிய அனுமதிக் கடிதம் என்று, அங்கே இத்தனை ஆண்டுகளாக வழிபாடு நடப்பதைக் காட்டும் எல்லாவற்றையும் நகல் எடுத்து இணையுங்கள். மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கும் காவல்துறைக்கும் ஊராட்சிக்கும் போகும். ஒரு கையெழுத்துக்கு மூன்று மாதம், அதற்குள் அதிகாரி மாறினால் மறுபடி முதலிலிருந்து! சட்டப்படி நடப்பவனை இவ்வளவு காக்க வைத்தால் ‘ஹால்’ ஒப்பந்தக்காரர்களுக்குத்தானே வியாபாரம்? தரகர்களை வளர்ப்பதே இந்தத் தாமதம்தான். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புதல் ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நினைவூட்டல் மனு கொடுங்கள். அப்படியும் அசையாவிட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இதற்கிடையே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை நீங்களே போய்ப் பாருங்கள். ஒலிபெருக்கியும் வண்டி நிறுத்தமும்தான் அவர்களுடைய கவலையாக இருக்கும். அதற்கு வழி சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

ஆட்சியரின் அனுமதி கிடைத்த பிறகு 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி. பதிவு பெற்ற பொறியாளர் அதைப் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இந்த அளவுக் கட்டடத்துக்குப் பணி முடிப்புச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது.

அந்தப் பொறியாளர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. கம்பி கட்டுபவரும் கம்பியை எண்ணிப் பார்ப்பவரும் ஒரே கூட்டணி என்றால் உங்கள் பக்கம் யார்? கணினியில் போட்ட கோபுரப் படத்தைக் காட்டி மயக்குவார்கள். “மண் பரிசோதனை அறிக்கை எங்கே?” என்று கேளுங்கள். பணம் வேலை நடந்த அளவுக்கு மட்டும், கடைக்கால் முடிந்தால் அதற்கு, கூரை முடிந்தால் அதற்கு, வங்கி மூலமாக. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. 12 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வெளிநாட்டுப் பணம். இதில் எல்லாரும் குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. ஆனால் எது வெளிநாட்டு நன்கொடை? பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பது கேள்வியே அல்ல, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் உங்கள் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே ஊர்ப் பிள்ளை ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அவர் இங்கே வந்து ரூபாய் நோட்டாக உண்டியலுக்கு முன்னால் நீட்டினாலும் அப்படித்தான். துபாய்ப் பிள்ளை தன்னோடு வேலை செய்யும் பிற நாட்டவரிடம் வசூல் செய்து தன் பெயரில் அனுப்புவதும் கூடாது. சொந்தக்காரர் கணக்குக்குக் குடும்ப அன்பளிப்பாக அனுப்பி அங்கிருந்து ஆலயத்துக்குத் திருப்பும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மறைமாவட்டத்துக்கு அந்தச் சட்டப்படி பதிவு இருந்தால், வெளிநாட்டு நன்கொடை அதன் டெல்லி ஸ்டேட் பேங்க் கணக்குக்கு மட்டும் வரலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. அந்தச் செலவை மறைமாவட்டமே நேரடியாகச் செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது? கிறிஸ்துமஸ் இரவுக் கூட்டத்துக்கு அளவெடுக்காதீர்கள். அன்றைக்குப் பந்தல் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு இரண்டு திருப்பலி என்றால், உங்கள் பங்குக்கு 700 பேர் பெஞ்சில் உட்காரும் ஆலயம் போதும் என்று நினைக்கிறேன். நடைபாதையோடு சேர்த்து ஆளுக்கு 8 சதுர அடி, அதாவது 5,600 சதுர அடி. பீடப் பகுதி, திருவுடை அறை, முகமண்டபம் தனி. 42 சென்ட் என்பது ஏறக்குறைய 18,300 சதுர அடி, ஆகவே வண்டி நிறுத்தவும் இடம் மிஞ்சும். இது என் கணக்குதான். உங்கள் இளைஞர்களை வாசலில் நிறுத்தி, தொடர்ந்து நான்கு ஞாயிறு ஒவ்வொரு திருப்பலிக்கும் தலையை எண்ணச் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எண்ண வேண்டாம், கூட்டம் அதிகமாகத் தெரியும். மே மாதமும் வேண்டாம், பாதிப் பேர் பிள்ளைகளோடு சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஜூலையில் எண்ணுங்கள்.