1911 குடிசன மதிப்பில் பூட்டனாரின் பெயர்

இலங்கையின் 1911 குடிசன மதிப்பில் உங்கள் பூட்டனாரின் பெயர் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அச்சான அறிக்கையில் கிடைக்காது. மலையகத்து மஸ்கெலியாத் தோட்டத்துக்கு நேரே நீங்கள் கண்டது ஆட்தொகை மட்டும்தான். பெயர் இருந்தால் கணக்கெடுப்பின்போது நிரப்பிய மூலப் படிவங்களில்தான் இருக்கும்.

அவை எஞ்சியுள்ளனவா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தொகைமதிப்புத் திணைக்களத்திடமும் தேசிய சுவடிகள் காப்பகத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அழித்தாயிற்று என்றால் அழிக்கச் சொன்ன உத்தரவின் பிரதியைக் கேளுங்கள், விடாதீர்கள். இங்கிலாந்தில் 1921 படிவங்களை 2022இல் திறந்துவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த நம் சனத்தின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும்.

அப்புறம், குடும்ப விவரம் தேட, வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இந்திய வம்சாவளியினருக்கான 1949 சட்டப்படி போட்ட இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று: இலங்கைப் பிரஜைதான் தகவல் கோரலாம். நீங்கள் இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பம் என்றால், இங்குள்ள சொந்தக்காரர் பெயரில் அனுப்புங்கள்.