தொலைபேசியில் ஏமாற்றினால், மிரட்டினால் எந்தச் சட்டம்?

திருகோணமலையில் இருக்கும் தாயாருக்கு லொத்தரில் பரிசு விழுந்ததாக அழைப்பு வந்ததாம். 'பதிவுக் கட்டணம்' வங்கியில் கட்டிய பிறகு, இன்னும் பணம் கேட்டு மிரட்டுகிறார்களாம். தொலைபேசிக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் உண்டா என்பது உங்கள் கேள்வி.

முதன்மையாக உதவுவது இலங்கையின் பழைய தண்டனைச் சட்டக்கோவைதான். 1883ஆம் ஆண்டினது என்று குறைத்து மதிப்பிட வேண்டாம். பொய் சொல்லிப் பணம் பறித்தால் அது வஞ்சித்தல். நேரில் சொன்னாலும் தொலைபேசியில் சொன்னாலும் ஒன்றுதான். 403ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். மிரட்டல் தனிக் குற்றம். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் தண்டனை இன்னும் கடுமையாகும். பெண்களுக்கு ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுப்பவர்களுக்கு 345ஆம் பிரிவு இருக்கிறது. 5 ஆண்டு வரை சிறை.

ஓ.டி.பி. (வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்) வாங்கி வங்கிக் கணக்குக்குள் நுழைந்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் சேரும்.

முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸுக்கு. பணம் கட்டிய பற்றுச்சீட்டுதான் பெரிய சான்று: சிம் வேறொருவர் பெயரில் இருந்தாலும், பணம் ஒரு கணக்குக்குப் போயிருக்கிறது அல்லவா? அழைப்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். பொலிஸார் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு தாயார் கையெழுத்திடட்டும். தாயாரைத் திட்டாதீர்கள், வெட்கப்பட்டு மறைப்பவர்களுக்குத்தான் இரண்டாவது அழைப்பு வருகிறது.