கூட்டத்தில் பேசியது ஆட்சேபணைக் கணக்கில் சேராது

கேள்வி: அம்பத்தூரில் குடியிருக்கிறேன். திருவள்ளூரைத் தாண்டி அப்பா பெயரில் 80 சென்ட் நிலம் இருக்கிறது. அதன் வழியாகப் புதிய தேசிய நெடுஞ்சாலை வருகிறது என்று கல் நட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நானும் தம்பியும் மைக்கில் எதிர்ப்புத் தெரிவித்தோம், வீடியோவும் எடுத்தார்கள். இப்போது எங்கள் சர்வே எண்ணோடு பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. "அதான் கூட்டத்திலேயே சொல்லிட்டீங்களே, மனு எதுக்கு? ரோடு போற வழியையே (அலைன்மென்ட்) வேற பக்கம் தள்ளிவிட ஆள் இருக்கு" என்று ஊர் புரோக்கர் 2 லட்சம் கேட்கிறார். அப்பா இறந்துவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான். என்ன செய்வது?

பதில்: மனு கட்டாயம் வேண்டும் அம்மா. நீங்கள் மைக்கில் பேசியதும் இப்போது பேப்பரில் வந்திருப்பதும் வேறு வேறு சட்டம், வேறு வேறு அலுவலகம். ஒன்றில் பதிவானது மற்றதன் கோப்புக்குத் தானாகப் போய்ச் சேராது.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்வது. கலெக்டரோ அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரியோ தலைமை தாங்குவார். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது. பேசியதை எழுதி, கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்திட்டு, சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்போடு சேர்ப்பார்கள். ஏரி, வரத்துக் கால்வாய், மரம், தூசி, சத்தம், இவற்றைப் பேச வேண்டிய இடம் அதுதான். பேசியது வீண் இல்லை. ஆனால் உங்கள் 80 சென்ட்டை எடுப்பதா விடுவதா என்பது அங்கே முடிவாவதில்லை. இதை மேடையில் இருப்பவர்கள் யாரும் சொல்வதில்லை. 'நிலம் பற்றிய ஆட்சேபணையை இன்ன அதிகாரியிடம் தனியாகக் கொடுங்கள்' என்று வாசலில் ஒரு தட்டி எழுதி வைக்க என்ன செலவாகிவிடும்? ஷாமியானாவுக்கும் மைக்செட்டுக்கும் இருக்கிற காசு இதற்கு இருப்பதில்லை. ஜனங்கள் தொண்டை வறளப் பேசிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பேப்பரில் வந்திருப்பது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 3-ஏ பிரிவு அறிவிப்பாக, அதாவது நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று அரசு முதலில் சொல்வதாக, இருக்க வேண்டும். தலைப்பில் இருக்கும், பாருங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறை போடும் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் வரும். எண்ணூரிலிருந்து பூஞ்சேரி வரை போகும் சென்னை எல்லைச் சாலை அந்த வகை. அதற்குக் கெடுவும் நடைமுறையும் வேறு, நோட்டீஸில் உள்ளபடி செய்ய வேண்டும். உங்களுடையது தேசிய நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

3-ஏ வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் 3-சி பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். நீங்கள் நாட்களை எண்ண வேண்டியது மத்திய அரசிதழில் வெளியான தேதியிலிருந்து. பேப்பரில் வருவது அதன் சாரம்; அது சில நாள் கழித்தும் வரலாம். பேப்பர் தேதியை வைத்து எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அந்த வாதத்தைக் கோர்ட்டில் போய் நடத்துகிற நிலைமை உங்களுக்கு வேண்டாம். அரசிதழ் எண்ணும் தேதியும் பெரும்பாலும் பேப்பர் அறிவிப்பிலேயே இருக்கும். இல்லையென்றால் அரசிதழ் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆயுசுக்கும் உழைத்து வாங்கிய நிலத்தைப் பற்றி யோசிக்க 21 நாள் என்று எழுதி வைத்த சட்டம், அரசாங்கம் அடுத்த அறிவிப்பைப் போட ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. எழுதியவர்கள் யார் பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள் என்பது தெரிகிறதல்லவா.

மனுவை அறிவிப்பில் பெயர் குறிப்பிட்டிருக்கும் தகுதி வாய்ந்த அதிகாரியிடம், பெரும்பாலும் நில எடுப்புக்கான தனி மாவட்ட வருவாய் அலுவலரிடம், கொடுக்க வேண்டும். தாசில்தார் ஆபீஸிலோ திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். "நேரில் விசாரிக்க வேண்டும்" என்ற வரி மனுவில் இருக்கட்டும்.

என்ன எழுதுவது? ஊரில் அச்சடித்த படிவம் சுற்றிக்கொண்டிருக்கும். 'எனது நிலத்தைத் தர இயலாது, சந்தை மதிப்பில் நான்கு மடங்கு வழங்க வேண்டும்' என்று நூறு பேருக்கும் ஒரே வாசகம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு மனுவையும் ஒரே பத்தியில் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். பணம் பற்றிய பேச்சு, இழப்பீட்டை முடிவு செய்யும் 3-ஜி கட்டத்தில் வரும். இப்போது கேட்கப்படுவது அந்த நிலத்தைச் சாலைக்கு எடுக்கலாமா என்பது மட்டும். சர்வே எண், உட்பிரிவு, எடுக்கும் பரப்பு மூன்றையும் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள், தப்பு இருந்தால் முதலில் அதை எழுதுங்கள். கிணறு எந்த மூலையில், சாலை போனபின் மிஞ்சும் துண்டுக்கு வழி உண்டா, பக்கத்தில் புறம்போக்கு இருக்கும்போது பட்டா நிலத்தை ஏன் தொடுகிறார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் இவை.

பட்டா விஷயத்துக்கு வருகிறேன். இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய. "முதல்ல பட்டா மாத்துங்க, அப்புறம் மனு" என்று யாராவது சொல்வார்கள். ஆபீஸ் வாசலில் இருக்கும் மனு எழுதுபவரே சொல்வார். பட்டா மாறுவதற்குள் 21 நாள் ஓடிவிடும். சட்டம் 'நிலத்தில் அக்கறை உள்ள எவரும்' ஆட்சேபிக்கலாம் என்கிறது. பட்டாவில் பெயர் இருந்தால்தான் என்று சொல்லவில்லை. நீங்களும் தம்பியும் வாரிசு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, இவற்றை இணைத்து, 'பட்டாதாரர் இறந்துவிட்டார், நாங்கள் வாரிசுகள்' என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாரிசுச் சான்று கையில் இல்லையா? விண்ணப்பித்த ரசீதை வைத்து மனுவைக் கொடுத்துவிட்டு, விசாரணை நாளில் சான்றைக் காட்டுங்கள். மற்ற வாரிசுகள், உங்கள் அம்மா இருந்தால் அவர், கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள், எல்லோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. யாராவது வெளிநாட்டில் இருந்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், இருப்பவர்கள் கொடுங்கள். பட்டா மாற்றத்துக்குத் தனியாக இன்றே மனுப் போட்டுவிடுங்கள். இழப்பீடு வாங்கும்போது அது இல்லாமல் இழுத்தடிப்பார்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி வராமல் நிலத்தைத் தொட முடியாது, பயப்படாதீர்கள் என்றும் ஊரில் சொல்லியிருப்பார்கள். சென்னை - சேலம் எட்டு வழிச்சாலையில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று அறிவிப்புகளை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3-ஏ போடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சொல்லி அதை மாற்றியது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையில் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தப் புரோக்கர். சாலை எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவான பிறகுதான் சர்வே எண்களோடு 3-ஏ வரும். அவர் 'தள்ளிவிட' அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஐம்பது பேரிடம் வாங்குவார். அவர்களில் இரண்டு பேருடைய நிலம் அளவைத் திருத்தத்தில் தானாகவே விடுபடும். அது தன் வேலை என்று சொல்லிக்கொள்வார். மற்றவர்களிடம் "மேலிடத்துல ஆளு மாறிட்டாரு" என்பார். இதே ஆள் சில மாதம் கழித்து வேறு வேடத்தில் வருவார்: இழப்பீட்டைக் கூட்டி வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம், இந்தப் பொது அதிகாரப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து, இரண்டு வெற்றுக் காசோலை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். நிலமும் அதன்மேல் உள்ளவையும் சேர்ந்த மதிப்புக்கு நூறு சதவீத ஆறுதல் தொகை சட்டத்திலேயே இருக்கிறது. அதை யாரும் 'வாங்கித் தர' வேண்டியதில்லை. தொகை குறைவு என்று பட்டால் நடுவரிடம் போக 3-ஜி(5)-இல் வழி இருக்கிறது. அதற்கு வக்கீல் வையுங்கள், பொது அதிகாரம் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

விசாரணைக்கு அழைத்தால் நீங்களோ உங்கள் வக்கீலோ போக வேண்டும். போகாவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். சொன்னது எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். தள்ளுபடி செய்தால் உத்தரவு நகலை அன்றைக்கே கேட்டு மனுக் கொடுங்கள். 3-சி உத்தரவுக்கு அந்தச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றுதான் வழி. அதையும் நிலத்தை எடுத்துக்கொள்வதாக அரசு வெளியிடும் 3-டி அறிவிப்பு வருவதற்குள் போட வேண்டும், ஏனென்றால் அது வெளியான அன்றே, பணம் கைக்கு வராவிட்டாலும், நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும்.