வெயில் காலத்தில் பாறைச் சரிவில் பறவை பார்க்கப் போகிறவருக்கு

"வெப்பமான பகுதியில், செங்குத்தான பாறைப் பாதையில் பறவை பார்க்கப் போகிறேன். எப்போது போகலாம், எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறுவதையும் பறவை பார்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். நான் சொல்லக்கூடியதில் முக்கியமானது இதுதான். தலைக்கு மேல் ஒரு நிழல் கடந்தால் கை தானாகவே பைனாகுலருக்குப் போகும். முதலில் நில்லுங்கள், இரண்டு காலையும் நன்றாக ஊன்றுங்கள், அப்புறம் அண்ணாந்து பாருங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓரடிகூட நகரக் கூடாது. பாறையைப் பிடித்து ஏறும் இடங்களில் கை வைக்கும் முன் அந்த இடுக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பாம்பும் குளவியும் அங்கே இருக்கலாம்.

வெளிச்சம் வரும்போதே நடக்கத் தொடங்குங்கள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறியதும் அலகைத் திறந்து மூச்சிரைத்தும், சில பறவைகள் தொண்டையைப் படபடவென்று அதிரவிட்டும் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அதனால் புதர்களில் திரியும் சின்னப் பறவைகள் காலையிலேயே இரை தேடி முடித்து நிழலுக்குள் போய்விடும். பெரிய கழுகுகளும் பாறுகளும் (பிணந்தின்னிக் கழுகுகள்) இதற்கு நேர்மாறு. பாறை சூடாகி வெப்பக்காற்று மேலே எழும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயரும். ஆகவே காலைக் குளிர்ச்சியில் ஏறி முடித்துவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிழலான ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். எங்கும் அலைய வேண்டாம்.

அந்த உட்காரலுக்காகவே இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறலாம் என்பேன். சமவெளியில் வேட்டைப் பறவையின் வயிற்றுப் பக்கத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். சரிவின் மேலிருந்து அதன் முதுகு தெரியும். செந்நிற வல்லூறு காற்றை எதிர்த்து நம் கண்மட்டத்தில் மிதப்பதை ஒருமுறை பாருங்கள். இறக்கை துடிக்கும், வால் விசிறியாக விரியும், தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. ஆணாக இருந்தால் சாம்பல் தலையும், செங்கல் நிற முதுகில் கரும்புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். கீழே நின்று பார்த்தால் இந்த நிறமெல்லாம் கிடைக்காது.

எதிரே உள்ள பாறைச் சுவரையும் மேலிருந்து கீழாக நிதானமாகத் துழாவுங்கள். வெள்ளைக் கோடுகளாக எச்சம் வழிந்திருந்தால் அதற்கு மேலே உள்ள விளிம்பில் ஏதோ ஒன்று வழக்கமாக உட்காருகிறது என்று பொருள். பொரி வல்லூறும் கொம்பன் ஆந்தையும் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை, பாறை விளிம்பிலேயே முட்டையிடும். அதனால் கூடு தேடினால் ஏமாற்றம்தான், எச்சத்தைத் தேடுங்கள்.

கருவி விஷயத்தில் 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். ஏறி வந்த மூச்சிரைப்பில் கை நடுங்கும், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். உச்சிவெயிலில் பாறை மேல் கானல் அலையத் தொடங்கினால் எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை. தண்ணீரில் பாதியை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல் என்று உடம்பு சொன்னால் எந்தப் பறவைக்காகவும் மேலே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பறவை உங்களையே சுற்றிச் சுற்றிக் கத்தினால் பெரும்பாலும் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கும். வெப்பப் பகுதிகளில் தாய்ப்பறவை அடைகாப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல, வெயிலை மறைக்கவும்தான். நாம் நிற்பதால் அது எழுந்து பறந்தால், திறந்த பாறையில் கிடக்கும் முட்டை கொஞ்ச நேரத்திலேயே வெந்து கெட்டுப்போகும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு படம்கூட எடுக்க நிற்காமல் அங்கிருந்து விலகிவிடுங்கள்.