மருந்துக் கணக்கும் தேயிலைக் கணக்கும்

அம்மா, வணக்கம்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மருந்தியல் டெஸ்டில் கணக்குகளை மட்டும் கோட்டைவிட்டுவிட்டு, "படிப்பே வேண்டாம், கோத்தகிரிக்கே வந்துவிடுகிறேன்" என்று போனில் அழுவதாகச் சொன்னீர்கள். "கணக்கு வராது என்றுதானே சயின்ஸ் குரூப் எடுக்க வைத்தோம், அது இங்கேயும் வந்துவிட்டதே" என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. பி.எஸ்சி. நர்சிங்கில் சேரப் பிளஸ் டூவில் கணிதம் தேவையில்லை. ஆனால் வார்டுக்குள் போனதும் கணக்கு காத்திருக்கும் என்பதை எங்களைப் போன்ற ஆலோசகர்களும் சேர்க்கும்போது சொல்வதில்லை.

அவளை அழைத்து வந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு பெருக்கல், வகுத்தலைத் தாண்டாது. நீங்களே பாருங்கள்.

இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய 60 கிலோ நோயாளிக்கு டோபமைன் என்ற, அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை ஏற்ற வேண்டும். கிலோவுக்கு, நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று டாக்டர் எழுதுகிறார். சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சீராக ஏற்றும் பம்ப் கேட்பதோ மணிக்கு எத்தனை மில்லி என்று. 5-ஐ 60 கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு 300. மணிக்கு 60 நிமிடம் என்பதால் 18,000 மைக்ரோகிராம். சிரிஞ்சில் 50 மில்லியில் 200 மில்லிகிராம் மருந்து கலந்திருந்தால், ஒரு மில்லியில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். 18,000-ஐ 4,000 ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. அவ்வளவுதான்.

நாலு, நாலரை கிலோ பச்சைத் தேயிலைக்கு ஒரு கிலோ தூள் என்று நீங்கள் மனசுக்குள் போடுவதும் இதே விகிதக் கணக்குதான். எடை போடும் இடத்தில் ஈரத்துக்குக் கூடுதலாகக் கழித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள் இல்லையா? அந்தக் கண்தான் அவளுக்கும் வேண்டும்.

ஏனென்றால் பெரிய தப்பு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்ற மறந்தால் விடை மணிக்கு 4,500 மில்லி என்று வரும். 50 மில்லி சிரிஞ்ச் 40 வினாடியில் காலி! யாரும் அப்படி ஏற்ற மாட்டார்கள். ஆபத்து தசமப் புள்ளியில்தான் இருக்கிறது. 4.5-ஐ 45 என்று அழுத்திவிட்டால் பார்க்க ஒழுங்கான எண் போலவே தெரியும், மருந்தோ பத்து மடங்கு. பம்ப் சொன்னதைச் செய்யும், கேள்வி கேட்காது. அதனால்தான் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடும் வழக்கம் வந்தது. நோயாளியின் எடையும் சரியாக இருக்க வேண்டும். நம் ஊரில் ஸ்வெட்டர், ஜெர்கின், ஷூவோடு மெஷினில் ஏறுகிறவர்கள்தானே அதிகம்!

அவள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுவது. கிலோ, நிமிடம், மைக்ரோகிராம் எல்லாம் ஒன்றோடொன்று அடிபட்டுப் போய், கடைசியில் மில்லியும் மணியும் மட்டும் மிஞ்சினால் வழி சரி. சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் பரீட்சையில் தடுமாறுகிறார்கள். தினமும் மூன்று கணக்கு போதும். தமிழக அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு, எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வு ஆகியவற்றுக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

கணக்கு வராததற்காக நான் யாரையும் நர்சிங்கை விடச் சொன்னதில்லை. போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்கச் சோம்பல்படுகிற பிள்ளை என்றால் யோசிப்பேன். பயந்து அழுகிறவள் அந்த ரகம் இல்லை.

இந்த ஞாயிறு அவள் பேசும்போது ஒன்று கேளுங்கள். 8 கிலோ குழந்தை, அதே 5 மைக்ரோகிராம், ஆனால் இந்த 50 மில்லி சிரிஞ்சில் மில்லிக்கு 1 மில்லிகிராம்தான். மணிக்கு 2.4 மில்லி என்று சொல்ல வேண்டும். 24 என்றால் திட்டாதீர்கள். சிரிஞ்ச் எத்தனை மணி நேரத்தில் காலியாகும் என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் யோசிக்கும்வரை லைனிலேயே இருங்கள்.