எம்.டி. ஏஐ வேணும்னு நிக்கிறாரு, நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில 9 வருஷமா ஹெச்.ஆர்.ல இருக்கேன் மேடம். எங்க எம்.டி. ஒரு செமினாருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எல்லாத்துலயும் ஏஐ கொண்டு வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு, ரெண்டு வாரத்துல பிளான் குடுங்கன்னு என் தலைல கட்டிட்டாரு. இங்க பாத்தா மெர்ச்சன்டைசர் பசங்க ஏற்கனவே அவங்கவங்க போன்லயே சாட்ஜிபிடி வச்சு பையருக்கு மெயில் எழுதிட்டு இருக்காங்க. போன வாரம் ஒரு பையன் பையரோட டெக் பேக்கையே, அதான் டிசைன், அளவு எல்லாம் இருக்குற ஃபைலையே, அதுல ஏத்திட்டான். தடை போட்றதா, விட்டுட்றதா? தூக்கமே வரல.
பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தடை மட்டும் போட்றாதீங்கம்மா. போட்டா பசங்க நிறுத்த மாட்டாங்க, உங்க கண்ணுக்குத் தெரியாம பண்ணுவாங்க, அப்புறம் எது எங்க போச்சுன்னே உங்களுக்குத் தெரியாது. மெர்ச்சன்டைசிங், அக்கவுன்ட்ஸ், டைம் ஆபீஸ்னு ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் உக்காந்து, யாரையும் மாட்டி விடறதுக்கு இல்லப்பான்னு முதல்லயே சொல்லிட்டு, எதுக்கெல்லாம் யூஸ் பண்றீங்கன்னு கேளுங்க. உங்க பிளானோட முதல் பக்கம் அங்கதான் இருக்கு.

டெக் பேக் விஷயம் சின்னது இல்ல. அடுத்த சீசன் டிசைன், மெஷர்மென்ட் சார்ட் எல்லாம் அதுல இருக்கு, பையர் உங்கள நம்பிக் குடுத்தது. 2023-ல சாம்சங்லயே இன்ஜினியருங்க கம்பெனி சோர்ஸ் கோட சாட்ஜிபிடில போட்டுட்டாங்க, விஷயம் தெரிஞ்சு மே மாசம் கம்பெனி இந்த மாதிரி டூலுக்கெல்லாம் தடையே போட்டுச்சு. அவ்ளோ பெரிய இடத்துலயே நடந்திருக்கு, அதனால அந்தப் பையனக் குத்தவாளி மாதிரி நிக்க வைக்காதீங்க. ஆனா டெக் பேக், சம்பள ஷீட், தொழிலாளிங்களோட ஆதார் காப்பி, இந்த மூணும் ஃப்ரீ அக்கவுன்ட் பக்கமே போகக் கூடாதுன்னு இன்னைக்கே சொல்லிடுங்க. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல, ஆளுங்களோட விவரத்தச் சரியாப் பாதுகாக்கலன்னா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு, இத எம்.டி. காதுல போட்டு வைங்க. பிசினஸ் அக்கவுன்ட் வாங்குறதா இருந்தா, நாம போடறத ஏஐக்குக் கத்துக் குடுக்குற டிரெயினிங்குக்கு எடுக்க மாட்டோம்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்கச் சொல்லுங்க.

அதவிட என்னைப் பயமுறுத்துறது மெயில்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு யூனிட்ல டையிங் லேட்டாகி ஷிப்மென்ட் 6 நாள் தள்ளிப் போச்சு, பையருக்குப் பணிவா ஒரு மெயில் போடுன்னு ஏஐகிட்ட கேட்டிருக்காங்க, அதுவும் ரொம்பப் பணிவா எழுதிட்டு கடைசில ஏர் ஃப்ரைட் செலவ, அதான் சரக்க பிளேன்ல அனுப்புற செலவ, நாங்களே ஏத்துக்கிறோம்னு ஒரு வரி தானாச் சேத்துருச்சு. அந்த ஆர்டர்ல வர்ற லாபமே அந்தச் செலவுக்குப் பத்தாது. ஒரு சீனியர் அனுப்புறதுக்கு முன்னாடி படிச்சதால தப்பிச்சாங்க.

அனுப்பியிருந்தா, ஏஐ எழுதினதுங்கன்னு சொல்லி எஸ்கேப் ஆக முடியாது. ஏர் கனடா அதத்தான் சொல்லிப் பாத்துச்சு. பாட்டி தவறிப் போன ஒரு பயணிகிட்ட, டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள்ள துக்கச் சலுகை கேட்டுக்கலாம்னு அவங்க சாட்பாட் தப்பாச் சொல்லிடுச்சு, கேஸ்ல சாட்பாட் சொன்னதுக்கு அதுதான் பொறுப்புங்கிற மாதிரி வாதாடினாங்க, 2024 பிப்ரவரில கனடா தீர்ப்பாயம் அத ஏத்துக்காம கம்பெனியதான் பணம் கட்டச் சொல்லுச்சு. அதனால விலை, தேதி, செலவு யாருதுன்னு ஒரு வார்த்தை வந்தாலும், மெயில்ல யார் பேரு இருக்கோ அவங்க வரி வரியாப் படிச்சாகணும், வாக்குக் குடுத்தது அவங்கதான்.

ஆள் எடுக்குற வேலைக்கு ஏஐ இப்போதைக்கு வேண்டாம். அமேசான் 10 வருஷ விண்ணப்பத்த வச்சு ஒரு டூல் பண்ணிப் பாத்துச்சு, பழைய விண்ணப்பம் பெரும்பாலும் ஆம்பளைங்களோடதுங்கிறதால அது பொம்பளைங்க ரெஸ்யூம கீழ தள்ள ஆரம்பிச்சுச்சு, கடைசில கைவிட்டுட்டாங்கன்னு 2018-ல செய்தி வந்துச்சு.

இன்னொன்னு. இதுல ஆளக் குறைக்கிற எண்ணம் இருக்கான்னு எம்.டி.கிட்ட நேராக் கேட்டுடுங்கம்மா, கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். பசங்க மனசுல அந்தப் பயம் இருக்குற வரைக்கும் யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க, நீங்க எழுதுற பிளான் பேப்பர்லதான் இருக்கும்.

ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நல்ல வேலை சொல்றேன். உங்க யூனிட்ல ஒடிசா, பீகார் ஆளுங்க இருப்பாங்கல்ல, போனஸ் எப்ப, லீவு எத்தனை நாள்னு ஒட்டுற நோட்டீஸ் பாதிப் பேருக்குப் புரியாது. அத ஒடியாலயும் ஹிந்திலயும் ஏஐய வச்சு மாத்துங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி லைன்ல இருக்குற ஒரு ஒடிசா டெய்லரக் கூப்பிட்டு சத்தமாப் படிக்கச் சொல்லி, என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க. அவங்க தேதியும் நாளும் சரியாச் சொன்னா ஒட்டுங்க.