பழைய டோப்போ ஷீட்டில் உள்ள வண்டிப்பாதை வழியுரிமை தருமா?

கேள்வி: போடிநாயக்கனூர் அருகே எங்கள் தோட்டத்துக்குச் செல்லும் வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடந்து போகிறது. அகல ரயில் பாதை வந்தபின், சென்ற ஆண்டு வேலியிட்டு அடைத்துவிட்டார்கள். தாத்தா வைத்திருந்த, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுள்ள டோப்போ ஷீட்டில் (அரசு நில அளவைத் துறையின் நிலப்பரப்பு வரைபடத்தில்) அந்தப் பாதை தெளிவாக இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம்; ஆனால் அதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். அரசு அதிகாரத்தின்கீழ் தயாரான வரைபடம் என்பதால், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 30-இன்படி அது ஏற்கத்தக்க சான்று. பிரிவு 82-இன்படி, மறுத்து நிரூபிக்கப்படும்வரை அது சரியானது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஆயினும் பாதை இருந்ததை அது காட்டுமே தவிர, அதில் செல்லும் உரிமை யாருக்கு என்பதைக் காட்டாது. மேலும், அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஏறத்தாழ 63 மீட்டர். உங்கள் வரப்பும் ரயில்வேயின் எல்லைக்கல்லும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும்.

ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவை (சர்வே) ஆண்டைப் பாருங்கள். இந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1928-இல். அளவை அதற்கு முந்தியது என்றால், பாதை ரயிலுக்கு மூத்தது என்று உறுதியாக வாதிடலாம். அடுத்து, புலப்பட (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவு வரைபடம்) நகலையும் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டு (கிராம நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) நகலையும் வாங்குங்கள். பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று இருந்தால், அந்த ஒரு வரி டோப்போ ஷீட்டைவிடக் கனமானது.

அப்படி இல்லையென்றால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (பிறர் நிலத்தின் வழியே செல்வது போன்ற உரிமைகளுக்கான சட்டம்), பிரிவு 15-இன்படி, அரசு நிலத்தின்மீது 30 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாகவும் இருக்க வேண்டும். 2010 இறுதியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றபின் 2023-இல் போடிக்கு மீண்டும் ரயில் வரும்வரை வண்டி போய்வந்ததைச் சொல்லும் சாட்சிகள் மிக முக்கியம்.

வேலி போட்டு, அந்த 2 ஆண்டுகளில் ஓராண்டு ஆகிவிட்டதால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு உடனே அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப்பின் 2 மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை வேலியை வெட்டித் தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். ரயில்வே சட்டம், 1989, பிரிவு 147-இன்படி அது குற்றம். ரயில்வே தன் செலவில் கடவுப்பாதை (தண்டவாளத்தைக் கடக்கும் வழி) அமைத்துத் தர வேண்டிய, ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து 10 ஆண்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பார்கள்; அந்நிலையிலும், பிரிவு 17-இன்படி உங்கள் செலவில் அமைத்துத் தரும்படி எழுத்து மூலம் கேட்க வழி உண்டு.